பூவாடைக்காரிக்கு ஒரு கட்டம்

வல்லக்கோட்டை
22.1.2005

அன்பு மகள் ரஞ்சனிக்கு அம்மா எழுதுவது. என் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்தக் கனடா குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் முருகனைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அவரும் எத்தனை பேரைத்தான் பார்ப்பார், நீயும் கொஞ்சம் குல்லாவைப் போட்டுக்கொள். போனில் பேசினால் அழுதுவிடுவேன், மெயில் என்றால் உன் தம்பியை டைப் அடிக்கச் சொல்ல வேண்டும், அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன்.

நீ மெயிலில் அனுப்பிய வம்சப் படத்தைப் பொங்கலுக்கு முந்தின வாரம் தம்பி தமிழ்வாணன் ஷிப்ட் முடிந்த கையோடு ஸ்ரீபெரும்புதூர் பிரவுசிங் சென்டரில் நாலு தாளாக எடுத்து வந்து செலோடேப் ஒட்டி, "அக்கா நம்ம வம்சத்தையே கம்ப்யூட்டர்ல ஏத்திகீது பாரும்மா" என்று கூடத்தில் மாட்டினான். ஐந்து தலைமுறை! கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இத்தனையும் விசாரித்துச் சேர்த்தாயே, உனக்கு எவ்வளவு பொறுமை. அதில் கட்டம் கட்டமாக அப்பா பேர், பக்கத்தில் கனகம் என்று என் பேர், கீழே உன் பேரும் தம்பி பேரும். மறைக்காமல் சொல்கிறேன், நாலு நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. பால்காரரைக் கூட உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன்.

போகியன்று வழக்கம்போலச் சேலை வைத்துப் படைத்தோம். நம் மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறாளே திருநெல்வேலிப் பெண் சந்தனமாரி, கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறவள், அவளும் வந்து கும்பிட்டாள். அவர்கள் பக்கம் இது இல்லையாம், அதனால் விளக்கிச் சொன்னேன், சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று இங்கே வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவோம், பேரை வாயால் சொல்ல மாட்டோம், படைத்த சேலையை வீட்டுப் பெண் உடுத்திக்கொள்வாள் என்று. அவள் சுவரில் இருந்த படத்தை மேலிருந்து கீழ் வரை படித்துவிட்டு, "அத்தை, இவ்வளவு பேரு இருக்கே, நீங்க கும்பிட்ட அந்த அம்மா இதுல எங்க இருக்காவ?" என்று கேட்டாள். படைத்த புதுச் சேலை அப்போது என் உடம்பில்தான் இருந்தது.

நீ மறந்துபோய் அவளை விட்டுவிடவில்லை, எனக்குத் தெரியும். என் மனசு நோகக் கூடாதென்றுதான் விட்டிருக்கிறாய். ஆறாவது படிக்கும்போது உன்னைப் பெற்றவள் நான் இல்லை, உனக்குப் பதினோரு மாதத்தில் போய்விட்ட என் அக்கா என்று நாங்கள் சொன்ன அன்றும் நீ அழவில்லை, நாளைக்கு யார் எனக்கு ஜடை பின்னுவாங்க என்று மட்டும் கேட்டாய். நான்தான் என்றேன், சரி என்று விளையாடப் போய்விட்டாய். அந்த ஒரு 'சரி'க்கு இன்றைக்கும் நான் உனக்குக் கடன்பட்டிருக்கிறேன் கண்ணு. ஆனால் இது என் மனசைப் பார்த்து எழுதுகிற விஷயம் இல்லை. இருபத்தேழு வருஷமாக அக்கா சேலையை உடுத்துகிறேன், அக்கா வீட்டில் சாப்பிடுகிறேன், அக்கா பெற்ற பிள்ளையை என் பிள்ளை என்கிறேன், அவளுடைய கட்டத்திலும் நானே ஏறி உட்கார்ந்தால் அடுக்குமா?

அக்கா பேரையும் சேர்க்கச் சொல்லட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நீ சொல்லணும்னுதான் கனகம் இத்தினி வருசம் வாயத் தொறக்காம இருந்தேன்" என்றார். பிறகு அவரே பீரோவிலிருந்து அக்காவோடு எடுத்த கல்யாணப் போட்டோவை எடுத்துக் கொடுத்தார். அதை ஸ்கேன் பண்ணக் கொடுத்தால், போகிக்குப் போகி அதில் அவள் நெற்றியில் நாம் வைத்த குங்குமத்தைக் கறை என்று நினைத்து சென்டரில் சுத்தமாக அழித்துவிட்டார்கள். சுமங்கலியாகப் போனவளைப் பொட்டில்லாமல் அனுப்புவதா என்று நான் போட்ட சத்தத்தில் தம்பி திரும்ப ஓடிப்போய்ப் பொட்டோடு எடுத்து வந்தான். அதைத்தான் மெயிலில் அனுப்பியிருக்கிறான்.

பென்னலூர்ச் சொந்தக்காரப் பிள்ளைகள், உன் சித்தப்பா பிள்ளைகள் எல்லோருக்கும் இதை அனுப்பப் போவதாக எழுதியிருந்தாயே, திருத்தாமல் அனுப்பாதே. பேரன் பெரியவனாகி அதைத் திறந்து பார்க்கும்போது தன் பாட்டி யார் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். வாயால் சொல்லக் கூடாத பேர்தான், எழுதக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. இருந்தாலும் முருகன் கோயிலுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்துதான் எழுதுகிறேன். அம்சவல்லி. உன் பேருக்கு நேர் மேலே போடு.

பேரனுக்கு எண்ணெய் தேய்க்க மறக்காதே. நீங்கள் மூவரும் நூறு வயது நிறைவாக இருக்க வேண்டும், அக்காவும் உடன் இருந்து பார்த்துக்கொள்வாள்.

ஜடை பின்னிய
உன் அம்மா
கனகம்

அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தால் என்னையும் போடு.