ஒரு பேட்டரிக்கு ஐந்து நிமிடம்

நாள் 211. காலை 09:20

செவ்வாய், தென்முகடு நிலையம். எழுதுவது கோமதி, பறக்கும் கருவிகளின் பொறுப்பு. படிப்பவர் யாராக இருந்தாலும், அடுத்து வேலைக்கு வரும் ஆளுக்கு இது உதவும்.

நாங்கள் தும்பி என்று கூப்பிடும் சின்ன ஹெலிகாப்டர் ஒன்று, பேட்டரிகள் எட்டு. ஒரு பேட்டரிக்கு ஒன்பது நிமிடம் பறக்கும். முகட்டுக்கு மேலே ஏற இரண்டு, இறங்க இரண்டு, கையில் மிஞ்சுவது ஐந்து. முழுதாகத் தீரும்வரை பறக்க விடக்கூடாது. வெளியிலிருந்து வந்த பேட்டரியைக் குளிரோடு சார்ஜரில் மாட்டவும் கூடாது, மாட்டினால் உள்ளே கெட்டு வீங்கிவிடும். சூடேற்றும் பெட்டி ஐந்தாம் மாதமே உயிரை விட்டதால், பேட்டரியை நாற்பது நிமிடம் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துச் சூடாக்குகிறோம். மாடத்தி இதற்கு அடை வைப்பது என்று பெயர் வைத்திருக்கிறாள்.

மாடத்தி பாறை ஆராய்ச்சிக்காரி. இங்கே இருப்பது நாங்கள் இரண்டே பேர். இன்று அவள் வண்டியை எடுத்துக்கொண்டு முகட்டுக்கு அந்தப் பக்கம் பதினெட்டு கிலோமீட்டர் போயிருக்கிறாள். ரேடியோ முகட்டைத் தாண்டாது. தும்பி மேலே நின்றால்தான் பேச முடியும்.

"ஏட்டி கோமு, சோத்துக்கு என்ன?" என்று கேட்டாள். பொடியைக் கரைத்துக் குடிக்கும் ஊரில் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

நாள் 213. பகல் 12:05

சரிவு இடிந்து வண்டி புரண்டுவிட்டது. சக்கர அச்சு போய்விட்டது. அவளுக்கு அடி இல்லை.

வண்டியில் மூச்சுக்காற்று பதினோரு நாளுக்கு. சரக்குக் கப்பல் வர இன்னும் பத்தொன்பது நாள். என்னிடம் வேறு வண்டி இல்லை. என் காப்புச் சட்டையில் ஐந்து மணி நேரக் காற்றுதான், பாறைச் சரிவில் பதினெட்டு கிலோமீட்டர் போய்த் திரும்ப முடியாது. புழுதி மூட்டத்தில் பூமித் தொடர்பும் இல்லை.

"நடந்து வந்துரட்டுமா? காத்துக் குப்பிய இழுத்துக்கிட்டு வாரேன்" என்றாள். கணக்குப் போட்டேன். குப்பி பதினான்கு மணி நேரம் தாங்கும், நடைக்கு இருபது வேண்டும். பாதி வழியில் செத்துப்போவாய் என்று கத்தினேன். அவளும் கத்தினாள். சண்டையிலேயே மூன்று நிமிடம் போய்விட்டது. கடைசியில், "சரி தாயி, எறங்கல. சத்தம் போடாத, பேட்டரி போவுது" என்றாள்.

நாள் 215. மாலை 16:40

புழுதியில் சூரியத் தகடுகள் கால்வாசிதான் தருகின்றன. சுவாசக் கருவிக்கும் வெப்பத்துக்கும் போக, ஒரு நாளைக்கு இரண்டு பேட்டரி சார்ஜ் ஏற்றலாம். காலை பதினொன்றுக்கு ஒரு முறை, பகல் ஒன்றுக்கு ஒரு முறை. மொத்தம் பத்து நிமிடம். அங்கே தனியாகக் கிடக்கும் ஒருத்திக்கு நான் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான், எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தும்பியின் எடையைக் குறைத்தால் நேரம் கூடும். கேமராவைக் கழற்றிவிட்டேன். முகட்டில் பார்க்க என்ன இருக்கிறது, பாறைதானே? ஒரு நிமிடம் பத்து நொடி லாபம். மாடத்தியிடம் சொன்னபோது, "கெட்டிக்காரிட்டி நீ" என்றாள். நாள் முழுக்க அந்தச் சந்தோஷத்திலேயே திரிந்தேன்.

நாள் 222. பகல் 13:20

குரல் வரவரத் தெளிவாக இருக்கிறது. முன்பு எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி இரைச்சல். இன்று சுத்தம். புதிதாக நான் கட்டிய ஆன்டெனா கம்பியின் வேலை, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொள்கிறேன்.

அவளுக்கு மூச்சு வாங்குகிறது. காரணம் கேட்டேன். "சும்மாதான். வண்டிக்குள்ள காத்து கனமா இருக்கு" என்றாள். பேச்சைக் குறைத்துக்கொள் என்றேன். "நீ பேசு, நா கேக்கேன்" என்றாள். வாசுதேவநல்லூரில் எங்கள் தெருநாய்க்கு நான் பயந்து ஓடிய கதையைச் சொன்னேன். சிரிக்க முயன்றாள்.

நாள் 223. காலை 11:15

"தலைக்கு மேல சத்தம் கேக்கு கோமு. தும்பி மாரியே இருக்கு."

காற்றுக் கெட்டால் இப்படிப் பிதற்றல் வரும் என்று படித்திருக்கிறேன். ஆமாம் மாடத்தி, கேட்கும், கண்ணை மூடிக்கொள் என்று குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் பேசினேன். "கோவப்படாத, ஒண்ணு சொல்லணும்" என்றாள். அதற்குள் பேட்டரி அபாய ஒலி. ஒரு மணிக்குச் சொல் என்று தும்பியை இறக்கிவிட்டேன்.

நாள் 223. பகல் 13:30

ஒரு மணிப் பறப்பு நடக்கவில்லை. என் அவசரம். நேற்று இறங்கிய பேட்டரியை அடை வைக்காமல் அப்படியே சார்ஜரில் மாட்டியிருந்தேன். நாற்பது நிமிடம் மிச்சம் பிடித்தால் மூன்றாவது ஒன்றும் ஏற்றலாம் என்ற பேராசை. பேட்டரி பூரி மாதிரி உப்பிக் கிடக்கிறது. இதே ஆசையில் இந்த வாரம் இதற்கு முன்பே ஐந்து போய்விட்டன. நல்லது இரண்டுதான் மிச்சம், இரண்டும் காலி.

என்ன சொல்ல வந்தாளோ, நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம்.

நாள் 224. காலை 11:10

காற்றுத் தீரும் நாள். பதில் வராது என்று தயாராகித்தான் பறக்கவிட்டேன். உடனே வந்தது.

"ஏட்டி, இன்னைக்கு அடை வச்சியா?"

அழுதுவிட்டேன். நேற்று என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லட்டி. சவத்த விடு."

நாள் 226. பகல் 13:25

இன்னும் பேசுகிறாள். மூச்சு வாங்கவில்லை. காற்றளவை நான்தான் தப்பாகக் கணக்கிட்டிருக்க வேண்டும். கப்பலுக்கு இன்னும் ஆறு நாள். அதுவரை அவளைப் பேசவைத்தால் போதும், பிழைத்துவிடுவாள். நிலையத்தின் வெப்பத்தைப் பாதியாக்கிவிட்டேன், அந்த மின்சாரம் பேட்டரிக்கு. விரல் விறைக்கிறது, எழுத்து கோணுகிறது, மன்னிக்கவும்.

ஒரு விஷயம் குறித்து வைக்கிறேன். வெளியே மைனஸ் அறுபது. தும்பி இறங்கியதும் பேட்டரியைத் தொட்டேன், இளஞ்சூடு. வயிற்றிலிருந்து எடுத்த சூடு. சார்ஜரில் மாட்டினால் பாதிதான் ஏறியது, மீதி ஏற்கெனவே உள்ளே இருந்தது. பத்து நிமிடம் பறந்த பேட்டரியில் அது இருக்க வழியில்லை. சார்ஜரை இரண்டு முறை சோதித்தேன். சார்ஜர் சரியாக இருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை.

நாள் 229

பதினேழு நிமிடம் பறந்தது, ஒரே பேட்டரியில். அவள் பேசப் பேசத் தீரவே இல்லை. நான்தான் பயந்து இறக்கினேன். அவள் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. பசிக்கிறதா என்றால், என்னைத்தான் கேட்கிறாள். குளிருதா, தூங்கினாயா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது.

நாள் 231. காலை 10:00

புழுதி அடங்கிவிட்டது. கப்பல் சுற்றுப்பாதைக்கு வந்து பேசியது. மாடத்தி உயிரோடு இருக்கிறாள், முதலில் அவளிடம் இறங்குங்கள் என்று கெஞ்சினேன். கேமராக் கருவி ஒன்றை இறக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"மேடம், வண்டி காலியா இருக்கு. கதவு தொறந்திருக்கு. காலடித் தடம் உங்க பக்கமாத்தான் வருது. அவங்க முகட்டுக்கு அந்தப் பக்க அடிவாரத்துல விழுந்து கெடக்காங்க. உங்க நிலையத்துலேருந்து அறுநூறு மீட்டர். பக்கத்துல காத்துக் குப்பி மூணு இருக்கு, ரெண்டு அவங்களே வண்டிக் காத்த அடைச்சுச் செஞ்சது. அவங்க சட்டைக் கருவி இன்னும் சிக்னல் அனுப்புது, அதப் படிச்சோம். 222-ஆம் நாள் சாயங்காலம் அங்க வந்துட்டாங்க. கால் ஒடிஞ்சிருக்கு. காத்து தீந்தது 223, பகல் ரெண்டு மணி பத்து நிமிஷம். மேடம்? மேடம், கேக்குதா?"

நாள் 231. நேரம் பார்க்கவில்லை

அறுநூறு மீட்டர். காற்றுக் குப்பியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் அரை மணி நேரம்.

தும்பியை நேர் மேலே பறக்கவிட்டேன். எட்டு நாளாகத் தினமும் அவள் தலைக்கு நேர் மேலே. கேமரா மேசை இழுப்பறையில் கிடந்தது. குரல் தெளிந்தது என் கம்பியால் அல்ல, அவள் கிட்டே வந்ததால். நடந்து வருகிறேன் என்று ஏன் சொல்லவில்லை என்பதும் தெரிகிறது. சொன்னால் நான் கத்துவேன், கத்தினால் பேட்டரி போகும். மேலே கேட்ட சத்தம் தும்பியேதான். ஒரு மணிக்குப் பறந்திருந்தால் சொல்லியிருப்பாள். அப்போது அவளுக்கு ஒரு மணி பத்து நிமிடக் காற்று மிச்சமிருந்தது.

நான்தான் கொன்றேன். இதை மாற்றி எழுத வேண்டாம், யார் படித்தாலும்.

நாள் 232. காலை 07:50

கப்பல் நான்கு மணி நேரத்தில் இறங்கும். வெளியே போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தேன். உறைந்து எட்டு நாளாகியிருந்தது. முகக் கண்ணாடியில் புழுதி படிந்திருந்தது, துடைத்தேன். ரேடியோ பொத்தான்மேல் கட்டைவிரல். அவளுடைய கருவியை நானே அணைத்தேன்.

திரும்பி வந்து தும்பியிலிருந்து பேட்டரியைக் கழற்றினேன். ரேடியோவின் இணைப்பையும் பிடுங்கிவிட்டேன். தும்பி மேசைமேல் இருக்கிறது. இறக்கை அசையவில்லை, நான் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

அரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

கோபமில்லை என்கிறாள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். பழக்கதோஷம், கடகடவென்று ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கப் பார்த்தேன். குறுக்கே சொன்னாள்:

"எதுக்குட்டி பறக்க? மெதுவாப் பேசு. இனிமே தீராது."