பீடத்துப் படியில் உங்கள் இடம்

திருவிருந்துத் தட்டை மூடியிருந்த வெள்ளைத் துணியைப் போதகர் ஐயர் எடுத்ததும் திராட்சை ரசத்தின் வாசனை மூன்றாம் வரிசை வரைக்கும் வந்தது. பழக்க தோஷத்தில் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். நீங்கள் உட்காரும் இடத்தில் யாரோ குடையை வைத்திருந்தார்கள். எனக்குக் கோபமாக வந்தது.

இந்தக் குரும்பலூர்க் கோயிலில் எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போகும்போது நீங்கள் மட்டும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பீர்கள். கிணற்றுப் பங்குத் தகராறில் உங்கள் தம்பியோடு பேச்சு நின்றதிலிருந்து அப்படித்தான். "மனசுல பகைய வச்சிக்கிட்டு அந்த அப்பத்தத் தொட்டா ஆண்டவரு சும்மா வுடமாட்டாரு புள்ள. நீ போயிட்டு வா" என்பீர்கள். சின்ன வெங்காயத்தில் கோழிக்கால் நோய் விழுந்தாலும் ஆண்டவர்தான் அடித்துவிட்டார் என்பீர்கள். கட்டினவள் நானும் விடமாட்டேன். "பக்கத்துக் காட்டுக்காரருக்குந்தான் விழுந்துருக்கு. அவரு எந்தத் தம்பிகூட சண்ட போட்டாரு?" நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பயத்தில் ஒரு நேர்மை இருந்தது. ஊரை அடித்து உலையில் போட்டுவிட்டு முதல் ஆளாய்ப் போய் மண்டியிடுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். உங்கள் பயத்தில் கொஞ்சம் அவர்களுக்கு இருந்திருக்கலாம்.

ஆனால் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நடந்ததை மட்டும் இன்னும் பொறுக்க முடியவில்லை. செந்துறையிலிருந்து உங்கள் தம்பி பஸ் பிடித்து வந்து, கட்டிலில் உட்கார்ந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீங்களும் அழுதீர்கள். இனி என்ன தடை என்று நான்தான் ஐயரை வரச்சொன்னேன். அப்பத்தை உதட்டருகே கொண்டுவந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். "பகை இன்னும் முழுசா போகலங்கய்யா. கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு." சாகப்போகிற நேரத்திலும் ஆண்டவரிடம் பொய் சொல்லப் பயந்தீர்கள். மறுநாள் போய்ச் சேர்ந்தீர்கள்.

சாவு வீட்டிலேயே கோயில் மூப்பரின் சம்சாரம் ஆரம்பித்தார்: "திருவிருந்து வாங்காமப் போயிட்டாரே, அந்த ஆத்துமா எங்க நிக்கிதோ!" நான் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னேன்: "எங்க நின்னாலும் ஆண்டவருக்கு அவர அடையாளம் தெரியுங்க." அன்றைக்கே ஆண்டவரிடமும் சொல்லிவிட்டேன், உங்களை வெளியே நிறுத்தினால் நானும் உள்ளே வரமாட்டேன் என்று. இப்படிப் பேசப் பயமாக இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. உங்களோடு சண்டை போடும்போதும் உள்ளுக்குள் பயமாகத்தான் இருக்கும். பிரியம் இருந்ததால்தானே போட்டேன்.

இன்று பீடத்துப் படியில் மண்டியிட்டபோது வலப்பக்கம் ஓர் ஆள் இடம் விட்டேன். பின்னால் கூட்டம் நின்றது. மூப்பர் குனிந்து, "தள்ளி மண்டி போடுங்கம்மா, எடம் சும்மா கெடக்குது பாருங்க" என்றார்.

"இல்லீங்க, ஆள் இருக்கு" என்றேன்.

அவர் விழித்தார். நான் அசையவில்லை. மாதாமாதம் இனி அப்படித்தான் மண்டியிடப் போகிறேன். பயந்துகொண்டாவது வந்து பக்கத்தில் இருங்கள்.