மேளத்தோடு வந்த எஞ்சின்

என் உயிரான மச்சானுக்கு,

நீங்கள் விட்டுப்போன வெள்ளைக் கார் நன்றாக ஓடுகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மேற்கொண்டு கேட்கமாட்டீர்கள். ஓட்டுவது உங்கள் மகள் கலைச்செல்வி. பெரம்பலூர் கார் ஸ்டாண்டில் முதல் பெண் டிரைவர். தமிழ்நாட்டிலேயே முதல் என்றுதான் நான் சொல்லிவருகிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் எஞ்சின் போய்விட்டது மச்சான். உட்கார்ந்துகொள்ளுங்கள், சொல்கிறேன்.

அரியலூரில் சவாரியை இறக்கிவிட்டு, சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே திரும்பி வரும்போது பானெட்டிலிருந்து புகை. சாதாரணப் புகையா? செட்டிகுளம் மலைமேல் நின்றவர்களுக்கே தெரிந்திருக்கும். கயிறு கட்டி இழுத்துப்போய் உங்கள் கூட்டாளி காதர் பாயின் பட்டறையில் விட்டோம்.

அவர் எஞ்சினைத் திறந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பெனியில் பூட்டியதோடு சரி, ஒரு போல்ட்டைக்கூடத் தொட்டதில்லை என்று நீங்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன எஞ்சின் அல்லவா? நீங்கள் போன பிறகு அந்தப் பெருமையை நான்தானே எறையூர்வரை சுமந்தேன்?

உள்ளே தண்ணீர் ஓடும் வழியெல்லாம் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. சூடு இறங்க வழியில்லாமல் மேல்மூடி வளைந்து, அடிக்கட்டில் விரிசலே விட்டிருந்தது.

"என்னாய்யா செல்லமுத்து, உம் மச்சான் உள்ளுக்குள்ள வெள்ளையடிச்சு வச்சிருக்காரு? ரேடியேட்டருக்கு என்ன தண்ணி ஊத்துனாரு?" என்றார் பாய்.

"வூட்டு போர் தண்ணிதான். சூடு தணிக்கிற கூலண்ட் தண்ணிய காசு குடுத்து வாங்குறவன் கிறுக்கன்னு சொல்லுவாரு," என்றாள் கலை. பிறகு மெதுவாக, "நானும் அதத்தான் ஊத்துனேன்."

நம் வீட்டு அண்டாவில் வெள்ளை வளையம் கட்டுமே, அதே தண்ணீர். அதற்காக ஊரில் உங்கள் பெயரை விட்டுக்கொடுப்பேனா? "ஒரு காலத்துல கடல் கெடந்த மண்ணுய்யா இது, தண்ணிக்குள்ளயே கல்லு இருக்கு, எஞ்சின் என்ன பண்ணும்?" என்று பழியை மண்மேல் போட்டுவிட்டேன்.

பாய் இரண்டு வழி சொன்னார். "விரிசல ஒட்டி ஓட்டலாம், எத்தன நாள் தாங்கும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். இல்லன்னா திருச்சியில பின்பக்கம் இடிபட்ட கார் ஒண்ணு கெடக்கு. அதோட எஞ்சின் ரத்தினம். எடுத்து மாத்திடலாம்."

"ஒட்டுங்க பாய்! எங்க மச்சான் எஞ்சினை எடைக்கா போடச் சொல்றீங்க?" என்று ஆரம்பித்தேன். நான் பேசிய பேச்சில் பட்டறையே அழுதது. கலை மட்டும் அழவில்லை.

"மாமா, பிரசவ வலிக்காரியெல்லாம் நம்பி ஏறுற வண்டி இது. நடு ரோட்டுல நின்னுச்சுன்னா, எங்கப்பா பெருமையச் சொல்லியா அவள ஆஸ்பத்திரில சேக்குறது?"



"உங்கப்பா இருந்தா என்ன பண்ணுவாரு?" என்றேன், கடைசி முயற்சியாக.

"ரெண்டு நாளு சண்ட போட்டுட்டு மாத்தியிருப்பாரு."

மாற்றியிருப்பீர்கள்தானே மச்சான்?

மாற்றுவதென்று ஆனபின் தாய்மாமன் சும்மா இருக்கலாமா? கலையின் காதுகுத்துக்குச் சீர் கொண்டுவந்தபோது, "என்ன மாப்ள, தட்டு கொறையுது?" என்று பந்தியில் வைத்துச் சிரித்தீர்களே. இப்போது வந்து பார்த்திருக்க வேண்டும்! எஞ்சின் வந்த மினி லாரியைத் துறைமங்கலத்திலேயே நிறுத்தி, எஞ்சினுக்கு மாலை போட்டு, நாயனம், தவிலோடு பட்டறைக்கு அழைத்துவந்தேன். பின்னால் வந்த பஸ்ஸெல்லாம் ஊர்ந்துதான் வந்தன. பழம், பூ, புடவை என்று வந்த தட்டுகளுக்கு முன்னால், முதல் தட்டில் ஜிகினாத்தாள் சுற்றிய கூலண்ட் கேன். அதை ஏந்தி வந்தது அக்காதான்.

"சீர் வாங்குற பொண்ணு எங்கய்யா?" என்று பாய் கேட்க, காருக்கு அடியிலிருந்து கையெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தாள் கலை. "மாமா, மானத்த வாங்காதீங்க!" என்றாள். ஆனால் புடவைத் தட்டைக் கை படாமல் முழங்கையால் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எஞ்சினில் பாதிக்குமேல் அவள் சம்பாத்தியம்தான். மேளம் முழுக்க என்னுடையது. புது எஞ்சின் நம்பரை ஆர்.சி. புக்கில் ஏற்றவும் அவளே ஆபீசுக்குப் போய்வந்தாள்.

நேற்று ஸ்டாண்டில் ஒரு வரதராஜன்பேட்டை டிரைவர் அவளைச் சீண்டினான். "தொறக்காத எஞ்சின்னு உங்க மாமா அளப்பாரே, அது என்னாச்சு?"

நான் டீக்கடை மறைவில் நின்றிருந்தேன். கலையைத்தான் உங்களுக்குத் தெரியுமே, பெருமை பேசவே தெரியாத பெண்.

"அது எங்கப்பா எஞ்சினு. அவரு காலம் முழுக்க ஓடுச்சு. இது எங்க மாமா சீரு. மேளத்தோட வந்த எஞ்சினு இந்த ஜில்லாவுலயே எங்கிட்டதான் இருக்கு, பாத்துக்க!"

இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை மச்சான். கூட்ட இடமே வைக்கவில்லை அவள்.

இனி அந்த ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஒரு சொட்டு விழாது. கூலண்ட் கேன் வருஷா வருஷம் பொங்கல் சீரோடு என் கையால் வரும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மகள் வாயால் பெயர் வாங்கிய தாய்மாமன்,
செல்லமுத்து