உன் பெயருக்கு வந்த உறைகள்

கிறிஸ்தியான்சுண்ட்,
7 பிப்ரவரி 2023

அன்புள்ள ஒட்வார்,

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்பதை அடுத்த கடிதத்தின் முதல் வரியிலேயே எழுது. போன தடவை நாலு பக்கம் எழுதினாய். அதில் மூன்று பக்கம் காற்றைப் பற்றி. ஸ்மோலா தீவில் காற்றடிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

இங்கே பனி இடுப்புவரை நிற்கிறது. பனி வண்டி காலை ஆறு மணிக்கே வந்து நம் வாசல்வரை வழித்துவிட்டுப் போகிறது, அந்த மட்டில் நிம்மதி. பூனைக்குப் பல் ஒன்று போய்விட்டது. பக்கத்து வீட்டு போர்ஹில்ட் இப்போதெல்லாம் தபால் பெட்டியருகே என்னைக் கண்டால் நிற்பதில்லை. தலையை ஆட்டிவிட்டு வேகமாகப் போய்விடுகிறாள். வயதாகிறது போலும், அவளுக்கோ எனக்கோ.

எழுத வந்த விஷயம் வேறு. நேற்று உன் பெயருக்கு ஓர் உறை வந்தது. கடன் விவர அலுவலகத்தின் மெல்லிய வெள்ளை உறை. யாராவது நம் கடன் நிலையை விசாரித்தால், விசாரித்தது யார் என்று நமக்கும் ஒரு நகல் அனுப்புவார்களே, அதுதான். நீ குதிரைப் பந்தயத்தில் மூழ்கியிருந்த காலத்தில் வாரம் இரண்டு வரும். பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது.

நான் திறக்கவில்லை. நீ போன இந்த மூன்று வருடத்தில் உன் பெயர் போட்டு வந்த எதையும் திறந்ததில்லை. எல்லாம் சமையலறைக் கீழ் இழுப்பறையில் இருக்கின்றன. இழுப்பறை இப்போது மூட மறுக்கிறது. தீவிற்குப் போனவன் விலாசத்தை மாற்றியிருக்கலாம். வரி அலுவலகத்துக்கு நீ இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறாய்.

கடன் வாங்கப் போகிறாயா? கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
இங்குன்

---

ஸ்மோலா,
14 பிப்ரவரி 2023

பிரியமான இங்குன்,

முதுகு பரவாயில்லை. காற்று பற்றி எழுதமாட்டேன், ஆனால் இப்போது அடித்துக்கொண்டிருக்கிறது.

ஆமாம், கடன் கேட்டேன். அண்ணன் ஹால்டோர் போனபிறகு இந்த வீடு அவன் மகன் ட்ரிக்வேக்கு வந்ததல்லவா? அவனுக்கு பெர்கனில் வேலை, வீட்டை விற்கப் போகிறான். முதலில் என்னிடம்தான் கேட்டான். "சித்தப்பா, நீங்க எடுத்துக்கறீங்கன்னா வெலய கொறச்சே தர்றேன். ஏப்ரல் முடியறதுக்குள்ள சொல்லிடுங்க, ஒரு ஜெர்மன்காரர் வேற கேட்டுட்டு இருக்காரு" என்றான். எனக்கு அறுபத்தாறு. விருந்தாளியாகவே எத்தனை நாள் இருப்பது?

வங்கிக்குப் போன் செய்தேன். இளைஞன், மரியாதையான குரல். இரண்டு நிமிடம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு இப்படிப் போயிற்று:

"உங்க பேர்ல ஒரு நிலுவைக் குறிப்பு இருக்குங்க. இது இருக்கற வரைக்கும் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

"என்ன குறிப்பு?"

"அத எங்களால சொல்ல முடியாதுங்க. நீங்களே உங்க அறிக்கைய எடுத்துப் பாருங்க."

"தம்பி, நான் யார்கிட்டயும் ஒரு குரோனர் பாக்கி வெச்சதில்ல."

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தில் இருந்த பொறுமை எனக்குப் பழக்கமானது. உன் குரலில் கேட்டிருக்கிறேன்.

இங்குன், நான் கடைசியாகக் குதிரைமேல் பணம் கட்டியது பதினோரு வருடத்துக்கு முன்பு, நவம்பரில். அதற்குப் பிறகு இல்லை. பெரிய எழுத்தில் எழுதியிருப்பேன், ஆனால் பெரிய எழுத்தில் எழுதினால் உனக்குச் சந்தேகம் வரும். நம்பு என்று கேட்கவில்லை. அதைக் கேட்டு அலுத்துத்தான் இங்கே வந்தேன்.

ஒட்வார்

---

கிறிஸ்தியான்சுண்ட்,
20 பிப்ரவரி 2023

அன்புள்ள ஒட்வார்,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். குறிப்பு என்ற சொல் வந்ததும் என் கண் சுவர் நாட்காட்டிக்குப் போனது, உன் பந்தய நாளான சனிக்கிழமைகளைப் பார்க்க. இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் மறைத்தாலும் உனக்குத் தெரியும்.

இப்போது கொஞ்சம் வகுப்பு எடுக்கிறேன், பொறுத்துக்கொள்.

முப்பத்துநான்கு வருடம் கணக்குக் கேள்வித்தாள் தயாரித்தேன். ஒன்றையாவது நானே போட்டுப் பார்க்காமல் பிள்ளைகளிடம் கொடுத்ததில்லை. ஒரே ஒரு தடவை, காய்ச்சலில், அப்படியே கொடுத்தேன். ஐந்தாவது கணக்குக்கு விடையே கிடையாது. இருபத்தாறு பேரும் ஒரு மணி நேரம் என்னை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். நீயும் படகைத் தண்ணீரில் இறக்கும் முன் அடிப்பலகையைத் தட்டிப் பார்க்கிறவன்தானே? கடனுக்கு மட்டும் உன் அடிப்பலகையை வங்கிக்காரர் தட்டிப் பார்க்க விட்டுவிட்டாய்.

அறிக்கை கேட்பது சிரமமில்லை. உன்னைப் பற்றி உனக்கே சொல்ல அவர்கள் காசு வாங்கக் கூடாது. நீயே கேட்டால் அது உனக்கு எதிராகவும் போகாது. நமக்குக் கணினியோடு ஆகாது, அதனால் அடையாள அட்டையின் நகல் வைத்துக் கடிதம் எழுது, ஒரு வாரத்தில் வரும். வந்ததும் குறிப்புக்கு நேராகப் பாயாதே. மேலிருந்து ஆரம்பி. பெயர், பிறந்த தேதி, விலாசம், வருமானம், வீட்டில் உன் பங்கு. ஒவ்வொரு வரியிலும் பென்சிலால் ஒரு புள்ளி வை. தப்பு பெரும்பாலும் நாம் பார்க்கத் தேவையில்லை என்று நினைக்கிற வரியில்தான் இருக்கும்.

உன்னை மட்டும் உட்காரவைத்துவிட்டு நான் மேசைக்குப் பின்னால் நிற்கமாட்டேன். என் அறிக்கையையும் கேட்டு இன்றே எழுதிப் போடுகிறேன். அதில் பார்க்க ஒன்றும் இருக்காது. இருந்தாலும்.

வீட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்று நினைக்காதே. நல்ல வீடு. சமையலறையில் காலை வெயில் விழும்.

இங்குன்

---

ஸ்மோலா,
8 மார்ச் 2023

பிரியமான இங்குன்,

அறிக்கை வந்தது. டீச்சர் சொன்னபடி பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். பெயர் சரி. பிறந்த தேதி சரி, வருத்தம்தான். வருமானம் சரி, அதைவிட வருத்தம். விலாசம்: கிறிஸ்தியான்சுண்டில் நம் வீடு. காகிதத்தில் நான் இன்னும் உன்னோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். அங்கே பென்சிலைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

பிறகு குறிப்பு. ஒன்றுதான். மோல்டேயில் இருக்கும் ஒரு வசூல் நிறுவனம் பதிவு செய்திருக்கிறது, 2021 ஜூனில். பெரிய தொகை இல்லை. ஆனால் எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு அந்த நிறுவனத்தைத் தெரியாது. மோல்டேயில் நான் கடைசியாக வாங்கியது ஒரு ஐஸ்கிரீம்.

உனக்கு டயர் கடை ஞாபகம் இருக்கும். நான் குளிர்கால டயர் மாற்றப் போயிருந்த அந்தச் சனிக்கிழமை, நான் நிஜமாகவே அங்கே இருக்கிறேனா என்று நீ கடைக்குப் போன் செய்தாய். கடைக்காரர் ரிசீவரை நீட்டிச் சிரித்தார். "வாத்தியாரம்மா ஆஜர் எடுக்கறாங்க, போய் உள்ளேன் சொல்லுங்க." வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் பெட்டி கட்டினேன்.

இதை இப்போது எழுதக் காரணம் கோபம் இல்லை. இந்தக் காகிதத்தைப் பார்த்தபோது எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஏதாவது செய்துவிட்டு மறந்துபோனேனா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ அத்தனை வருடம் எப்படி இருந்திருப்பாய் என்று கொஞ்சம் புரிந்தது.

அந்த இழுப்பறையைத் திற. எல்லா உறையையும் கிழித்துப் பார். நானே சொல்கிறேன்.

ஒட்வார்

---

கிறிஸ்தியான்சுண்ட்,
16 மார்ச் 2023

என் ஒட்வார்,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கசக்கிவிட்டேன். அதனால் நேராகச் சொல்கிறேன். தப்பு என்னுடையது.

உன் கடிதம் வந்த அதே தபாலில் என் அறிக்கையும் வந்தது. நிதானமாகப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் அதே மோல்டே நிறுவனம், அதே தேதி, அதே தொகை. என் பெயரில். தவணை தவறாத இங்குன் மீர்போஸ்டாட் பெயரில்! பூனையைக் கூப்பிட்டுக் காட்டலாம் போலிருந்தது.

இழுப்பறையை இழுத்தேன், வரவில்லை. கரண்டியால் நெம்பி எடுத்தேன். மேசைமேல் கொட்டினால் தொண்ணூற்று நாலு உறை. அதில் பதினேழு ஒரே மாதிரி. உறையின் ஜன்னலில் உன் பெயர் மட்டும் தெரிகிறது. உள்ளே தாளை இழுத்தால் அடுத்த வரியில் என் பெயர். நம் தெருக்காரர்களின் பாதைச் சங்கக் கட்டணம், ஒட்வார். பனி வழிக்கிற கட்டணம். மின்சாரம் நான், காப்பீடு நான், பாதைக் கட்டணம் நீ. அப்படித்தானே எப்போதும்? நீ போனபிறகு வீட்டில் இருப்பவள் கட்டுவாள் என்று நீ நினைத்திருக்கிறாய். உன் பெயருக்கு வந்ததை நான் தொடமாட்டேன் என்று வீம்பாக உள்ளே போட்டிருக்கிறேன். பில், நினைவூட்டல், இரண்டாவது நினைவூட்டல், கடைசி எச்சரிக்கை. நான் தேதிவாரியாக வேறு அடுக்கியிருந்தேன்.

போர்ஹில்ட்தானே சங்கத் தலைவி. கோட்டைப் போட்டுக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

"மூணு வருஷமா தெனம் பாக்கறோம். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "நான் எப்படி இங்குன் கேப்பேன்? நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சதுல யார் கட்டறதுன்னு தகராறுன்னு நெனச்சேன். அது உங்க வீட்டு விஷயம். கணக்கு பாக்கறவங்க அவங்க பாட்டுக்கு மோல்டேக்கு அனுப்பிட்டாங்க. உன் மொகத்தப் பாக்கவே எனக்குக் கூச்சமா இருந்துச்சு."

"அப்பறம் எதுக்குடி என் வாசல்ல மட்டும் ஒழுங்கா பனிய வழிச்சீங்க?"

"பின்ன? நீ வழுக்கி விழணுமா?"

இரண்டு பேரும் அவள் சமையலறையில் சிரித்துச் சிரித்து அழுதோம். பழுப்புச் சீஸ் வைத்து வாஃபிள் கொடுத்தாள். மூன்று வருடத்து வாஃபிளும் அன்றைக்கே சாப்பிட்டேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் எல்லாவற்றையும் கட்டிவிட்டேன், வட்டியோடு. உன் பாதியைத் தராதே, இது என் அபராதம். பணம் கட்டினால் குறிப்பை எடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் எடுத்தார்களா என்று எழுதிக் கேட்டேன். எடுத்துவிட்டார்கள். ரசீதின் நகலும் அவர்களுடைய பதிலும் இதோடு வைத்திருக்கிறேன். உன் அறிக்கை இப்போது சுத்தம். கடன் கிடைக்கும். வீட்டை வாங்கலாம்.

இந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்காதே.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். உன் உறைகளைத் திறக்காமல் வைத்தபோது, பார், இப்போது நான் உன்னைச் சோதிப்பதில்லை என்று பெருமைப்பட்டேன். ஆனால் ஒவ்வொரு உறையையும் உள்ளே போடும் முன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அனுப்பியவர் பெயரைப் படித்திருக்கிறேன். பந்தயக்காரர்கள் யாராவதா என்று மட்டும். மற்றப் பெயரெல்லாம் கண்ணில் பட்டும் மனதில் நிற்கவில்லை. டயர் கடைக்குப் போன் செய்தவள் மாறவே இல்லை, போனைத்தான் கீழே வைத்திருக்கிறாள். பதினோரு வருடமாக உன் விடைத்தாளில் தப்புத் தேடியிருக்கிறேன். என் தாளை ஒருநாளும் திருப்பிப் பார்க்கவில்லை.

மன்னித்துக்கொள். வீடு வாங்கியதும் விலாசத்தை மாற்றிக்கொள். உறைகள் உன்னிடமே வரட்டும்.

உன்,
இங்குன்

---

ஸ்மோலா,
17 ஏப்ரல் 2023

என் இங்குன்,

ஒரு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. நான் மெதுவாகப் படிக்கிறவன்.

உன் கடிதம் வந்த வாரமே வங்கிக்குப் போன் செய்தேன். அதே இளைஞன். தட்டச்சுச் சத்தம். பிறகு, "எல்லாம் சரியா இருக்குங்க! எப்ப கையெழுத்து போடறீங்க?" என்றான். மன்னிப்புக் கேட்கிற மாதிரிக் குரல். தப்பு அவனுடையதல்ல என்று சொன்னேன். நம் வீட்டுக்காரியுடையது என்று சொல்லவில்லை, கவலைப்படாதே.

கையெழுத்துப் போடத் தாள் வந்தது. கூடவே விலாச மாற்றப் படிவமும் வாங்கி வந்தேன், நீ சொன்னபடி. புது விலாசம் எழுதுகிற இடம் ஒரே ஒரு வரி. பேனாவை எடுத்தேன். பக்கத்தில் என் அறிக்கை கிடந்தது. பென்சில் புள்ளிகளைப் பார்த்தேன். எல்லா வரிக்கும் புள்ளி இருக்கிறது, விலாசத்துக்கு மட்டும் இல்லை. அன்றைக்கு அந்த வரியைத் தப்பு என்றும் குறிக்கவில்லை, சரி என்றும் குறிக்கவில்லை. மூன்று வருடத்தில் நாலு தடவை விலாசத்தை மாற்றச் சொல்லி எழுதினாய். பத்து நிமிட வேலை. நான் செய்யவே இல்லை.

வங்கிக்காரர்கள் ஓர் ஆளின் அறிக்கையைப் பார்த்து அவன் இனி என்ன செய்வான் என்று கணிக்கிறார்களாம். நானும் அப்படியே படித்துப் பார்த்தேன்.

நேற்று ட்ரிக்வேயைக் கூப்பிட்டேன். "ஜெர்மன்காரருக்கே குடுத்துடுப்பா" என்றேன். "என்ன சித்தப்பா, கடன் கெடைக்கலயா?" என்றான். "கெடச்சுது, அதான்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

பென்சிலால் இப்போது அந்தப் புள்ளியை வைத்துவிட்டேன்.

வரும் இருபத்திரண்டாம் தேதி இரண்டு மணிப் படகில் வருகிறேன். நாட்காட்டியைப் பார்க்க வேண்டாம், சனிக்கிழமைதான். தெரிந்தேதான் எடுத்தேன். சனிக்கிழமை அரிசிக் கஞ்சியை இரண்டு பேருக்கு வை. இலவங்கப்பட்டை நிறைய, வெண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். மீதி எழுபத்தேழு உறைகளையும் நீயே திறந்து வை, எனக்குக் கண்ணாடி மாற்றவேண்டும்.

கதவைத் திறந்ததும் வழக்கம்போல, "எங்கே போயிருந்தாய்?" என்று கேள். இந்தத் தடவை உட்கார்ந்து முழுதாகச் சொல்கிறேன்.

உன்,
ஒட்வார்