உப்புவெளி ஹோட்டலில் நான் சொன்ன ஓம்

தங்கச்சி,

இன்று காலை மூதூருக்கு ஆளேற்றும் லாஞ்சுக்காக இறங்குதுறையில் நின்றபோது ஒரு வெள்ளைக்காரி பக்கத்தில் வந்து நின்றாள். வெயிலுக்கு உடம்பில் பூசுகிற அந்த எண்ணெயின் மணம், தேங்காய்ப்பாலும் பவுடரும் கலந்ததுபோல. லாஞ்ச் வந்தது, ஆட்களை ஏற்றியது, போயும் விட்டது. தோப்பூருக்கு நெல் பார்க்கப் போகவேண்டிய நான் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

வீட்டில் கேட்டார்கள். லாஞ்ச் எஞ்சின் பழுது, நான்தான் இறங்கித் திருத்திக் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். நீ இருந்திருந்தால், "அண்ணா, கையில எண்ணெயைக் காணேல்லை" என்று கேட்டிருப்பாய். இப்போது அப்படிக் கேட்க ஆள் இல்லை. அதனால் என் கதைகள் வரவரக் கொழுத்துப்போய்க் கிடக்கின்றன.

உப்புவெளி ஹோட்டலையும் ஊரில் நான் மாளிகை ஆக்கி வைத்திருக்கிறேன். உனக்கு உண்மை தெரியும். ஓலைக் கூரை போட்ட ஆறு அறைகள், முன்னால் மணல், அதற்கு முன்னால் கடல். எங்கள் ஆட்கள் ஒருவரும் அங்கே தங்கியதில்லை. சாம்பல்தீவில் உன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் போய்க் காசு கொடுத்துக் கட்டில் எடுத்துப் படுப்பவன் யார்?

அப்போது உன் புருஷன் மீன்பிடிக்கத் தோணியோடு போய்த் திரும்பாமல் ஏழு மாதம். மூன்று பெண் பிள்ளைகள். நாலாவதும் பெண், அவன் போனபிறகு பிறந்தவள், நாலு மாதக் குழந்தை. கொழும்பிலிருந்து ஒரு தரகர், அவளைத் தத்தெடுக்கவென்று பிள்ளையில்லாத வெள்ளைக்காரச் சோடி ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தார். குழந்தை அவர்களோடு பழகும்வரை தாயும் பக்கத்து அறையில் நாலு நாள் இருக்கவேண்டும், ஐந்தாம் நாள் கடதாசிகளோடு வருவேன் என்றார். "பாஷைக்கு ஆர்?" என்று அவர் கேட்டபோது நெஞ்சை நிமிர்த்தியவன் நான்.

"வெள்ளைக்கார நேவிக்காரன்ர காலத்தில அட்மிரலோட கதைச்சனான். இவையளோட கதைக்க ஏலாதோ?"

அட்மிரலை நான் கண்டது தூரத்தில், அதுவும் முதுகை. நேவியின் டொக்யாட் குசினியில் உருளைக்கிழங்கு உரித்தவன் நான். அங்கே எனக்குத் தேவைப்பட்ட இங்கிலீஷ் யெஸ் சேர், நோ சேர், குயிக் குயிக். அதை உனக்குக்கூட நான் சொன்னதில்லை.

முதல் நாள் நீ கட்டிலில் படுக்க மறுத்துவிட்டாய்.

"வெள்ளைத் துணி. பிள்ளை ஒண்டுக்கிருந்தா ஆர் தோய்க்கிறது?"

"அதுக்கு ஆள் இருக்கு தங்கச்சி. நாங்கள் இப்ப துரைமார்."

"துரை காலமை பைப்பைப் பூட்டத் தெரியாமக் கத்தினவர்தானே?"

கடைசியாக நீ சிரித்தது அதுதான். பிறகு வாசலில் இருந்த கதிரையைத் திருப்பிப் போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாய். எங்கெங்கிருந்தோ ஆட்கள் பார்க்க வருகிற கடலை நாலு நாளும் நீ ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அந்த வெள்ளைக்கார மனிசி தூக்கினாலே குழந்தை வீரிட்டு அழுதது. இரண்டாம் நாள் அவள் உன் சேலைத் தலைப்பைத் தொட்டு, தன் தோளைக் காட்டி, குழந்தையைக் காட்டினாள். நான் வாயைத் திறக்குமுன்னம் நீ எழும்பிப்போய், உன் பழைய நீலச் சேலையைக் கொண்டுவந்து கொடுத்தாய். மூன்றாம் நாள் பின்னேரம் அவள் அதைத் தோளில் சுற்றிக்கொண்டு நடந்தாள். குழந்தை அவளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டது. நீ பார்த்துக்கொண்டு நின்றாய். உன் சட்டை முழுக்கப் பாலில் நனைந்திருந்தது.

"அண்ணா, அவையளிட்டை ஒண்டு கேளுங்கோ. எனக்குத் தாங்க ஏலாமப் போனா, பிள்ளையைத் திருப்பித் தருவினமோ எண்டு."

"தரகர் வரட்டுமே. அவரைக்கொண்டு கேப்பம்."

"அவர் காரியம் முடிக்க வந்தவர். நீங்கள் தாய்மாமன். நீங்கள் கேளுங்கோ."

போனேன். அந்த இருபது அடி மணலில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் தேடினேன். திருப்பி என்பதற்கு ஒரு சொல் இல்லை. தாங்க ஏலாது என்பதற்கும் இல்லை. அவர்களுக்கு முன்னால், இன்று காலை மணத்த அதே எண்ணெய் மணத்துக்குள் நின்று, "பேபி குட்?" என்றேன். அந்த மனிசி கண் கலங்கச் சிரித்து, யெஸ் யெஸ் என்றாள். அவள் புருஷன் நீளமாக ஏதோ சொன்னார். நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரியும். அதனால் கையை ஆட்டினேன், வானத்தைக் காட்டினேன், தலையைச் சொறிந்து யோசிப்பதுபோல நின்றேன். பெரிய பேச்சுவார்த்தை நடந்தமாதிரித் திரும்பி வந்தேன்.

"ஓமாம். ஒரு கடிதம் போட்டாக் காணுமாம். தாங்களே பிளேனில கொண்டுவந்து தருவினமாம். வருசத்துக்கு ஒருக்கா, பொங்கலோட, உனக்குக் காட்டவும் கொண்டருவினமாம்."

பொங்கலை ஏன் சேர்த்தேன் என்று எனக்கே தெரியாது. தெரியாது என்ற ஒரு சொல்லைச் சொல்ல வாய் வராத மனிதனுக்கு மற்றதெல்லாம் தானாக வருகிறது.

ஐந்தாம் நாள் தரகர் பேனையை நீட்டியபோது நீ கடதாசியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். நீ கையெழுத்து வைத்தாய்.

கார் நிலாவெளி றோட்டில் ஏறி மறைந்தபிறகுதான், அவர்கள் எந்த நாடு என்றுகூட நான் கேட்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. தரகரும் பிறகு எங்கே தேடியும் அகப்படவில்லை. நீ ஒரு மாதம்கூடப் பொறுக்கவில்லை. "கடிதம் போடுங்கோ அண்ணா, எனக்கு ஏலாது" என்றாய். போட்டாச்சு என்றேன். கப்பல் தபால் சுணங்கும் என்றேன். அங்கே பனிகாலம், தபால் ஓடாது என்றேன். இரண்டு பொங்கல் இப்படிப் போனது.

நெஞ்சுச்சளி முற்றி நீ பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, இந்த முறை கட்டாயம் வருவார்கள் என்று நான் தொடங்கினேன். நீ கையைக் காட்டி நிறுத்தினாய்.

"நீங்கள் கேக்கேல்லை, அண்ணா. கேட்டிருந்தா அந்த மனிசி அப்பிடிச் சிரிச்சிருக்காது."

"அப்ப ஏன் கையெழுத்து வைச்சனி?"

நீ மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாய். என்னிடம் அதற்குப் பிறகு ஒரு கதையும் இருக்கவில்லை. மூன்றாம் நாள் நீயும் இல்லை.

உன் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்ததும் பாலையூற்றில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற பழைய போஸ்ற்மாஸ்ரரிடம் போனேன். நீ கேட்கச் சொன்னதைச் சொல்லி, இங்கிலீஷில் ஆக்கித் தரச் சொன்னேன்.

"இதை ஆரிட்டைக் கேக்கப் போறீர்?" என்றார்.

"ஒருத்தரிட்டையும் இல்லை ஐயா. பாடமாக்கத்தான்."

இரண்டு வரி எழுதித் தந்தார். கிழமைக்கணக்காகப் படித்தேன். இப்போது நாக்குப் புரளாமல் சொல்வேன், இதில் நான் கூட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. சைக்கிளில் போகும்போதும் வருகிறது, கோயிலில் செபத்துக்கு இடையிலும் வருகிறது. யாராவது அதற்குப் பதில் சொன்னால் எனக்கு விளங்காது, தங்கச்சி. கேள்வி மட்டும்தான் தெரியும்.