பிள்ளைகள் பார்க்கலாமா?

மே 3, 2025, சனி

சபை மடலில் "பிள்ளைகள் பார்க்கலாமா?" பக்கத்தை எழுத ஒப்புக்கொண்டது நான்தானா? ஞாயிறு பள்ளியில் இத்தனை வருடம் பாடம் எடுத்ததற்குக் கிடைத்த பரிசு. படம் பார்த்து, கிறிஸ்தவக் குடும்பத்துக்கு ஏற்றதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். "டீச்சர் பாத்துச் சொன்னா போதும்" என்றார் போதகர். மகள் ஸ்டெனிக்குப் பன்னிரண்டு வயது. அவளையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலில் மதியக் காட்சிக்குப் போனேன்.

படத்தில் நான்கு பெண்பிள்ளைகள், ஏழாம் வகுப்பு. ஒருத்தி டியூஷன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு நடனப் பயிற்சிக்குப் போகிறாள். இன்னொருத்தி, "ஆண்டவரே, சயின்ஸ்ல பாஸாக்கினா ஒரு மாசம் புரோட்டா தொடமாட்டேன்" என்று பேரம் பேசுகிறாள். ஆண்டுவிழா மேடையில் ஓர் ஆடு ஏறி, தலைமையாசிரியையின் பேச்சைத் தாளோடு தின்கிறது. கண்ணீர் வரச் சிரித்தேன். வடசேரியில் பஸ் ஏறிய பிறகும் எங்கள் சிரிப்பு அடங்கவில்லை.

மே 4, ஞாயிறு

எங்கள் வீட்டு மாலை ஜெபத்தில் ஆளுக்கொருவராக வாய்விட்டு ஜெபிப்போம். ஸ்டெனியின் ஜெபம் நீளம். சிநேகிதி கிருஷ்ணப்ரியாவோடு போட்ட சண்டை, வகுப்பில் வாங்கிய திட்டு — என்னிடம் சொல்லாததெல்லாம் ஆண்டவரிடம் சொல்லிவிடுவாள், நானும் கேட்டுக்கொள்வேன். இன்று: "அந்த ஆட்டுக்காக ஸ்தோத்திரம்." அவள் அப்பா ஜெப்சன் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

மே 9

எழுதிக் கொடுத்துவிட்டேன். பொய்யைக் குறிப்பிட்டேன். கடைசியில் அம்மாவும் மகளும் பேசித் தீர்த்துக்கொள்வதையும் குறிப்பிட்டேன். 'பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள், பிறகு பேசுங்கள்' என்று முடித்தேன்.

மே 16

போதகர் வீட்டுக்கே வந்தார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். "ஜெபத்தைக் கேலி பண்ணுத படத்தை நம்ம சபையே பாக்கலாம்னு சொன்னா எப்படி டீச்சர்?"

அவர் போனதும் ஜெப்சன் ஆரம்பித்தார். சபைக் கமிட்டிச் செயலர் ஆன புதிது அவருக்கு. "ஏட்டி, ஒரு பக்கத்துக்காக எல்லாரையும் பகைக்கணுமா? மாத்தி எழுதிக் குடு."

அப்படி என்னதான் இருக்கு அந்தப் படத்துல? ஒரு ஆடு! கத்தணும்போல இருந்து. எங்க போய்க் கத்த? புருஷன்கிட்டயா, போதகர்கிட்டயா? — காப்பி டம்ளர்களைக் கழுவி வைத்தேன்.

மே 17

மாற்றிவிட்டேன். 'பெற்றோரிடம் பொய் சொல்லத் தூண்டும் படம். தவிர்ப்பது நல்லது.' கீழே என் பெயர்.

ஜூன் 1, ஞாயிறு

ஆராதனை முடிவில் அறிவிப்புகளோடு போதகர் அதையும் வாசித்தார், என் பெயரைச் சொல்லி. பாடகர் குழுவில் நின்ற ஸ்டெனி என்னையே பார்த்தாள். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்.

"அம்மா, நீயும் சிரிச்சியே?"

"பெரியவங்க வேற மாதிரி யோசிக்கணும் மக்கா."

"அப்ப நீ பொய்யா சிரிச்சியா?"

வெயில் ஏறுகிறது, சீக்கிரம் நட என்றேன்.

ஜூன் 5

"அப்பாவை, அம்மாவை, சபையை ஆசீர்வதியும். ஆமென்." இப்போதெல்லாம் ஸ்டெனியின் ஜெபம் தினமும் இவ்வளவுதான். "பிள்ளை இப்பதான் ஒழுங்கா ஜெபிக்கா" என்று ஜெப்சனுக்குச் சந்தோஷம்.

ஜூன் 8

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரே பாராட்டு. அடுத்த படத்துக்கும் நான்தானாம். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 14, சனி

"கிருஷ்ணப்ரியா வீட்டுக்கு கணக்கு போடப் போறேன்" என்று ஸ்டெனி கிளம்பினாள். சாயங்காலம் கிருஷ்ணப்ரியாவின் அம்மா சுஜா போன் செய்தாள். "அக்கா, பிள்ளைக்கு தோசை குடுத்தாச்சு, தேடாதீங்க. ரெண்டும் டிவில அந்த ஆட்டுப் படத்தப் போட்டுட்டு ஒரே சிரிப்பு."

"கொள்ளாம், நல்லதுதான் சுஜா" என்றேன்.

வந்ததும் கேட்டுவிட வேண்டும் என்று வாசலிலேயே நின்றேன். வந்தாள். எந்த முகத்தோடு கேட்பது?

"கணக்கு முடிஞ்சா மக்கா?"

"முடிஞ்சும்மா."

மாலை ஜெபத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு வரி கூடுதலாகச் சொன்னாள்: "இன்னைக்கு கணக்கு போட உதவி செஞ்சதுக்காக ஸ்தோத்திரம்."

ஜெப்சன் உரக்க ஆமென் சொன்னார். நானும் சொன்னேன்.