இடுப்பளவு மணல்

பிப்ரவரி 6

வாரம் ஒருமுறை நான் போய்ப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஜான்சியின் வீட்டில் யாருமில்லை. பக்கத்து வீட்டு மங்கம்மா உப்பளத்தின் பக்கம் கை காட்டினாள்.

அளத்துக்கும் கடலுக்கும் நடுவில் மணல் மேடு. பழைய சேலையைக் கட்டிய நிழலில் ஜான்சி நின்றுகொண்டிருந்தாள். ஏழு வயது. மூளை முடக்குவாதம். பிடித்துக்கொண்டாலும் நிற்காதவள். எப்படி? கிட்டே போன பிறகுதான் தெரிந்தது. இடுப்புவரை மணலுக்குள் இருந்தாள்.

அவள் அம்மா பாஞ்சாலை பாத்தியிலிருந்து ஓடிவந்தாள். "தெனம் ஒரு மணி நேரம் நிப்பா டீச்சர். எங்க குப்பத்துல கால் வராத புள்ளைங்கள இப்படித்தான் குழி வெட்டி நிக்க வெப்பாங்க. நான் உப்பு வார்றதப் பாத்துகினே இருப்பா."

"புள்ளையப் புதைப்பீங்களா? யாராவது போட்டோ எடுத்துப் போட்டா என்ன ஆகும் தெரியுமா?" என்றேன்.

யாருக்கு என்ன ஆகும்? எனக்கா?

பாஞ்சாலை மணலைக் கையால் விலக்கி அவளைத் தூக்கினாள். ஜான்சி அழுதாள். பதிவேட்டில் அந்த அழுகையை எழுதவில்லை. "தவறான பழக்கம் நிறுத்தப்பட்டது" என்று எழுதினேன்.

பிப்ரவரி 20

மாற்றுத்திறனாளிகள் முகாமில் ஜான்சிக்கு அளவெடுத்தார்கள். பட்டை போட்டு நிற்க வைக்கும் மரச்சட்டம் ஒன்று வரும். இரண்டு மாதம் ஆகுமாம்.

மார்ச் 13

வியாழக்கிழமைதான் ஜான்சி வீட்டுக்கு நான் போகும் நாள். பாட்டில் மூடிகளை வைத்து நிறம் சொல்லிக்கொடுத்தேன். சிவப்பு எடுத்தாள். உடனே கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"குழி வெட்டலையே?"

"இல்லீங்க டீச்சர். நீங்கதான் சொல்லிட்டீங்களே."

இப்போது பாஞ்சாலை வேலைக்குப் போகும்போது ஜான்சி உள்ளே பாயில் கிடக்கிறாள். மங்கம்மா அவ்வப்போது எட்டிப் பார்க்கிறாள்.

ஏப்ரல் 24

சட்டம் வரவில்லை.

ஜூன் 19

ஜான்சியின் முழங்கால் நேராக நீட்ட வரவில்லை. மெதுவாக அழுத்தினேன். முகம் சுளித்தாள். இன்று ஏதோ அடம் — அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 3

எம்.ஏ.வில் உடல் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். பதினோரு பக்கம். பாராட்டினார்கள். அதை எழுதும்வரை ஒரு குழந்தையின் முழங்காலைத் தொட்டதில்லை.

செப்டம்பர் 11

சட்டம் வந்தது. புது மரவாசனை. மங்கம்மாகூட வேடிக்கை பார்க்க வந்து, "ஐய, ஏதோ கலெக்டர் சேர் மாதிரி இருக்குது!" என்றாள்.

முட்டிப் பட்டை எட்டவில்லை. கால் பாதி மடங்கியே நின்றது. இரண்டு முறை முயன்றோம். மூன்றாவது முறை வேண்டாம் என்று பாஞ்சாலை மகளைத் தூக்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 25

பிசியோதெரபிஸ்ட் பாலகுருவை அழைத்துப் போனேன். கோப்பைப் புரட்டினார்.

"ஜனவரி வரைக்கும் முட்டி முழுசா நீண்டிருக்குது. தெனம் நிக்க வெச்ச புள்ளைக்குத்தான் இப்படி இருக்கும். அப்புறம் ஏம்மா நிறுத்தின?"

ஜான்சியின் பாதம் என் கையில் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். நான்தான் சொன்னேன் சார். அவ்வளவுதான். அந்தப் பாதத்தையே தடவிக்கொண்டிருந்தேன்.

பாஞ்சாலை என்னைப் பார்க்கவில்லை. "அளத்துல வேலை ஜாஸ்தி சார். எனக்குத்தான் நேரமில்லாம போச்சு."

"பெத்தவ நீயே இப்படி இருந்தா?"

தலையாட்டினாள். அவர் திட்டத் திட்டத் தலையாட்டினாள்.

இனி அறுவை சிகிச்சைதானாம். அதன் பிறகும் நிற்பாள் என்று சொல்ல முடியாதாம். குறித்துக்கொண்டேன். கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 26

—

அக்டோபர் 9

மழை. அளத்தில் வேலை நின்றுவிட்டது. மூலையில் சட்டம். அதன்மேல் ஜான்சியின் அப்பா சுரேஷ் வலையைப் போட்டிருக்கிறார்.

கேட்டுவிட்டேன். "நான் சொல்லித்தான் நிறுத்தினேன்னு ஏன் சொல்லல?"

பாஞ்சாலை ஜான்சிக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"சொன்னா உங்கள மாத்திடுவாங்க. இவளப் பாக்கன்னு இந்த வீட்டுக்கு வர்றது நீங்க ஒருத்தர்தான். அப்புறம் வியாழக்கிழமைல இவ யார் வண்டிச் சத்தத்தக் கேப்பா?"

கோபமா? மன்னிப்பா? இரண்டும் இல்லை. எனக்கு இந்த வீட்டில் இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது என்று சொன்னாள். அவ்வளவுதான்.

அக்டோபர் 16

நேற்று அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வரி. நிறுத்தச் சொன்னவள் நான், தாய்மீது தவறில்லை என்று.

அலுவலகம் வழியில்தான் இருக்கிறது. வண்டியை நிறுத்தவில்லை.

சத்தம் கேட்டதும் உள்ளே ஜான்சியின் கை உயர்ந்தது. பாயருகில் உட்கார்ந்தேன். பையில் கைவிட்டபோது முதலில் கடிதம்தான் தட்டுப்பட்டது. அடியில் தள்ளிவிட்டு மூடிகளை எடுத்தேன்.

"செவப்பு எது?" என்றேன்.